வாலென்கி கம்பளி பூட்ஸ்: அளவு, உலர்த்தல், அடித்தையல், அந்து

கேள்வி இது: ரஷ்யாவில், கசான் நகரத்தில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளையிடம் அங்குள்ள சீனியர்கள் வாலென்கி வாங்கச் சொல்கிறார்கள். எந்த அளவில் வாங்குவது, எப்போது போடுவது, நனைந்தால் ஹாஸ்டல் ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் சாதனம்) மேல் வைத்துக் காயவைக்கலாமா, கோடை விடுமுறையில் என்ன செய்வது?

ரேடியேட்டர் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்கக் கூடாது. நல்ல வாலென்கி பாழாவது பெரும்பாலும் அங்கேதான். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

வாலென்கி நெய்ததும் இல்லை, பின்னியதும் இல்லை. ஆட்டுக் கம்பளியைச் சிக்கெடுத்து, அடுக்கடுக்காகப் பரப்பி, பூட்ஸ் வடிவத்தில் மடித்து, ஆவியிலும் சுடுநீரிலும் நனைத்து உருட்டி, அடித்து, தேய்த்து இறுக்கிய ஃபெல்ட் அது. ரஷ்ய மொழியில் அப்படி உருட்டி இறுக்குவதற்கு ‘வால்யாத்’ என்று பெயர். வாலென்கி என்ற சொல் அதிலிருந்து வந்தது. சைபீரியாவில் இதையே பீமி என்பார்கள், வடக்கில் கதான்கி. நுனி முதல் முழங்கால் வரை ஒரே துண்டு, எங்கும் தையல் இருக்காது. முதலில் உருவாகும் பூட்ஸ் தேவையான அளவைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். இறுக இறுகச் சுருங்கி, கடைசியில் மரத்தாலான கால் அச்சில் ஏற்றப்பட்டு உலரும். மேலே பிசிறும் முடியை நுரைக்கல்லால் தேய்த்து எடுப்பார்கள். பிள்ளை போகிற கசான், ரஷ்யாவுக்குள் இருக்கும் தாதர்ஸ்தான் குடியரசின் தலைநகரம். அதே தாதர்ஸ்தானில் குக்மோர் என்ற ஊரில் 1867 முதல் இந்தத் தொழில் ஆலையாகவே நடக்கிறது. ஆகவே நல்ல சரக்கு கிடைக்கிற இடத்துக்குத்தான் போகிறார்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்கு உண்டு. ஈரமும் சூடும் பட்டால் செதில் விரியும். அத்துடன் உரசலும் சேர்ந்தால் ஒரு இழையின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும், பிறகு விடாது. ஃபெல்ட் உருவாவதே இப்படித்தான். நனைந்த வாலென்கியைக் கொதிக்கிற ரேடியேட்டர் மேல் வைப்பது ஆலையில் நிறுத்திய வேலையை அறையில் தொடர்வதற்குச் சமம். காலையில் பார்த்தால் அரை சென்டிமீட்டர் சுருங்கி, கணுக்கால் மடிப்பு விறைத்து நிற்கும். சூடு இன்னும் கடுமையாக இருந்தால் இழை கருகி நொறுங்கும். விரலால் கிள்ளினால் தூளாக வரும். அந்த இடத்தில் பிறகு தையல்கூட நிற்காது.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? காலைச் சூடாக வைத்திருப்பது கம்பளி இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், பூட்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கால் குளிரும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை ஆவியாக உறிஞ்சியும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அதனால்தான் வியர்வை நாள் முழுக்க உள்ளே போனாலும் கால் காய்ந்தே இருக்கிறது. அதனாலேயே ‘தொட்டால் காய்ந்திருக்கிறது’ என்று நம்பி உலர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் காலில் குளிர் ஏறும். வாலென்கியைத் தினமும் உலர்த்த வேண்டும், நனைந்த நாளில் மட்டும் இல்லை.

இனி வாங்குவது. ஷூ கடை நம்பரை மறந்துவிடுங்கள். ரஷ்யாவில் வாலென்கி அளவு சென்டிமீட்டரில் இருக்கும். 27 என்றால் உள்ளே பாதத்துக்கு 27 சென்டிமீட்டர். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு தாளின் மேல் நின்று குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை அளந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் கூட்டி வாங்க வேண்டும். இன்சோல் போடுவதாக இருந்தால் அதையும் உள்ளே வைத்தே போட்டுப் பாருங்கள். போட்ட பிறகு விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். இறுக்கமான வாலென்கி இறுக்கமான தோல் ஷூவைவிடக் கெட்டது: ரத்த ஓட்டமும் குறையும், காற்றடுக்கும் நசுங்கும். அளவு சரியாக இருந்தும் விரல் மரத்துப்போனால் சமாளித்து நிற்க வேண்டாம், உள்ளே போய்விட வேண்டும். மரத்துப்போவது உறைகடியின் (கடுங்குளிரில் சதை உறைந்து கெடுவதன்) முதல் அறிகுறி.

கடையில் இரண்டு பூட்ஸையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஆண்களுக்கான ஜோடி ஒன்றரை கிலோவைச் சுற்றி இருக்கும். ரொம்ப இலகுவாக இருந்தால் கம்பளியைக் குறைத்திருக்கிறார்கள். மேல்குழாயைக் கையால் அமுக்கி விட்டால் தானாக எழ வேண்டும். குதிகாலையும் நுனியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அந்த இரண்டு இடமும் பாதமும்தான் மிகத் தடிமனாக இருக்க வேண்டியவை, தேய்வதும் அங்கேதான். குழாயை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் மெலிந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். மேற்பரப்பைக் கிள்ளி இழுத்தால் கொத்தாக முடி வரக் கூடாது. செயற்கை இழை கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், உள்ளிருந்து நாலு இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாடை அடித்துச் சாம்பலாக உதிரும்; செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாக நிற்கும். ஆலை வாலென்கியில் கம்பளியை இறுக்க நீர்த்த கந்தக அமிலம் பயன்படுத்துவது வழக்கம். கிராமத்தில் கையால் செய்வது வெறும் சுடுநீரில். கையால் செய்தது மென்மையாக இருக்கும், விலை கூடும். முதல் ஜோடிக்கு நல்ல ஆலைச் சரக்கே போதும் என்பேன்.

பாரம்பரிய வாலென்கியில் இடது வலது கிடையாது. இரண்டும் ஒரே வார்ப்பு. சில வாரங்களில் அதது அந்தந்தக் காலின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டையும் முறை மாற்றிப் போட்டு வந்தால் குதிகால் சமமாகத் தேயும், ஆனால் கால் வடிவம் படியாது. எனக்குப் பிடித்தது வடிவம் படிய விடுவதுதான். முதல் நாளே உள்விளிம்பில் நூலால் ஒரு அடையாளம் தைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

புதுசு விறைப்பாக இருக்கும். இரண்டு இடத்தில் உரசும். ஒன்று கணுக்காலின் முன் மடிப்பு. கெட்டிலில் வரும் ஆவியை அந்த மடிப்பில் ஓரிரு நிமிடம் காட்டி, இரண்டு சாக்ஸ் போட்ட காலை நுழைத்து, ஆறும்வரை அறைக்குள் நடந்தால் மடிப்பு உங்கள் காலுக்கு ஏற்ற இடத்தில் விழும். இன்னொன்று முழங்காலுக்குப் பின்புறம். குழாய் உயரமாக இருந்து அங்கே உரசினால் கூரிய கத்தியால் வெட்டிக் குறைத்துவிடலாம். ஃபெல்ட் பிரியாது, விளிம்பு மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை. வெட்டிய துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு வரும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாலென்கி உலர்ந்த குளிருக்கான பூட்ஸ். மைனஸ் 10-க்குக் கீழே பனி மாவு போல உலர்ந்திருக்கும். ஃபெல்டில் ஒட்டினாலும் உருகாது, தட்டினால் உதிர்ந்துவிடும். மைனஸ் 25-இல் பேருந்துக்காக அசையாமல் நிற்க இதைவிட நல்ல பூட்ஸ் நான் அறிந்து இல்லை. ஆனால் கசானில் சனவரிச் சராசரியே மைனஸ் 10-ஐச் சுற்றித்தான். இடையிடையே பனி இளகும். போதாததற்கு நகர நடைபாதைகளில் பனி உருக்கும் உப்பைத் தூவுகிறார்கள். மைனஸிலும் அந்த இடம் சேறாகத்தான் இருக்கும். வெறும் ஃபெல்ட் அடியோடு அதில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பூட்ஸின் பாதம் ஈரத் துணியாக ஊறிவிடும். நகரத்துக்கு ரப்பர் வேண்டும்.

ரப்பர் இரண்டு வகையில் வரும். ஒன்று அடியிலேயே ரப்பர் ஒட்டிய வாலென்கி. மற்றது கலோஷி: வாலென்கிக்கு மேல் தனியாக மாட்டிக் கழற்றும் ரப்பர் உறை. நான் கலோஷியின் பக்கம். அறைக்கு வந்ததும் கழற்றிவிட்டால் அடிப்பாகமும் மூச்சு விடும்; ஒட்டிய ரப்பரில் வியர்வை அங்கேயே தங்கிவிடும். ஷூவுக்கான கலோஷி பொருந்தாது, நுனி அகலமாக வாலென்கிக்கென்றே செய்வதைக் கேட்டு வாங்க வேண்டும். வாலென்கியைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கையால் இழுத்தால் ஏற வேண்டும், நடக்கும்போது குதிகாலில் கழலக் கூடாது. இறுக்கமான கலோஷி ஃபெல்டை நசுக்கி, அந்தக் கோட்டில் பள்ளம் விழச் செய்யும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஃபெல்ட் அடி, மிதிபட்டு இறுகிய பனிக்கட்டியில் வழுக்கும். கலோஷியின் அடியில் ஆழமான வரிகள் இருக்கிறதா பாருங்கள்.

உள்ளே கம்பளி சாக்ஸ்தான். பருத்தி வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு காலை நனைக்கும். மெல்லிய ஒரு ஜோடி, அதன்மேல் தடித்த கம்பளி ஒரு ஜோடி என்பது நல்ல ஏற்பாடு. வகுப்பறையில் நாள் முழுக்க வாலென்கியோடு உட்காரக் கூடாது. உள்ளே 22, 23 டிகிரி சூடு இருக்கும். அந்த வியர்வை முழுவதும் ஃபெல்டுக்குள் இறங்கி, மாலையில் வெளியே வரும்போது குளிராகத் திரும்பும். பையில் ஒரு சாதாரண ஷூ எடுத்துப்போய் கோட் வைக்கும் இடத்தில் மாற்றிக்கொள்வது அங்கே எல்லாரும் செய்வதுதான்.

வாசலுக்கு வந்ததும் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைச் செய்தால் உலர்த்தும் வேலை பாதியாகக் குறையும். ரஷ்ய வீட்டு வாசல்களில் ஒரு சின்ன விளக்குமாறு சாத்தியிருக்கும். கதவைத் திறப்பதற்கு முன்பே, குளிரில் நின்றபடியே, வாலென்கியைப் பெருக்கிவிட வேண்டும். மேலிருந்து கீழாக, கணுக்கால் மடிப்பை விரித்து, கலோஷி விளிம்பில் வெண்மையாகச் சேர்ந்திருக்கும் பொடிப்பனியைத் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே போய் ஓரிரு நிமிடம் தாமதித்தால் அந்தப் பொடி மணிமணியான துளியாகி ஃபெல்டுக்குள் இறங்கிவிடும். பிறகு துடைத்துப் பயனில்லை.

உள்ளே வந்ததும் கலோஷியைக் கழற்றி அதன் உட்புறத்தையும் துடையுங்கள். இன்சோலை வெளியே எடுங்கள். வாலென்கியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், அல்லது இரண்டு கட்டைகளில் தலைகீழாக மாட்டுங்கள். வாய் திறந்து காற்று உள்ளே போக வழி வேண்டும். வழக்கமான நாளில் இரவு முழுவதும் அறைக் காற்றிலேயே காய்ந்துவிடும். நன்றாக நனைந்திருந்தால் நியூஸ் பேப்பரைக் கசக்கி நுனிவரை அடைத்து, முதல் சில மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேப்பர் ஈரத்தையும் இழுக்கும், வடிவத்தையும் பிடித்து நிற்கும். ரேடியேட்டரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு போதும், கை சுடுகிற இடத்தில் வாலென்கிக்கு வேலை இல்லை. கிராம வீடுகளில் அடுப்பு மேடையின் மேல்தட்டில் வைப்பார்களே என்று கேட்கலாம். அங்கே செங்கல் வழியாக வருவது மென்சூடு. முழுக்க நனைந்தது காய ஒன்றிரண்டு நாள் ஆகும். ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிப்பதும் ரேடியேட்டர் போலத்தான். ஷூவுக்குள் செருகும் குறைந்த சூட்டு மின்உலர்த்தி வைத்துக்கொள்ளலாம், நல்ல பொருள்.

அப்படியும் சுருங்கிவிட்டால்? முழுசாகப் பழைய அளவுக்கு வராது, கொஞ்சம் விரிக்கலாம். உட்புறத்தில் ஆவி காட்டி இளக்கி, தடித்த சாக்ஸோடு போட்டுக்கொண்டு நடந்து, கழற்றியதும் பேப்பரை இறுக்கமாக அடைத்து அப்படியே ஆற விட வேண்டும்.

துவைப்பது பற்றி: வாஷிங் மெஷினில் போட்டால் ஈரம், சூடு, உரசல் மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிடும். குழந்தை சைஸில் வெளியே வரும். வாலென்கியைத் துவைப்பதில்லை, காய்ந்தபின் பிரஷ் செய்வதுதான். தூசி அதிகமானால் உலர்ந்த புதுப்பனியில் போட்டு உருட்டி அடித்து உதறினால் அழுக்கைப் பனி வாங்கிக்கொண்டு போகும். எண்ணெய்க் கறை பட்டால் உடனே ஸ்டார்ச் மாவோ டால்க் பவுடரோ தூவி ஒரு மணி நேரம் விட்டு பிரஷால் தட்டுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும். உப்புச் சேறு காய்ந்து விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படிந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் கம்பளிக்கென்று விற்கும் திரவச் சோப்பு, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், அந்த இடத்தில் மட்டும். சாதாரண சலவைத்தூள் ஆகாது. ரத்தம், பால் கறை போக அவற்றில் புரதத்தை அரிக்கும் என்சைம் சேர்த்திருப்பார்கள். கம்பளியும் புரதம்தான், அதையும் அரிக்கும். சலவைச் சோடாவும் அப்படியே, காரம் கம்பளியைக் கரைக்கும். குளோரின் ப்ளீச் பக்கமே போகக் கூடாது. வினிகர் போன்ற மென்அமிலத்தைக் கம்பளி தாங்கும், காரத்தைத் தாங்காது என்று நினைவில் வைத்தால் போதும்.

அடிப்பாகம் தேய்வதைத் தடுக்க முடியாது. முழுக்கத் தேய்ந்து ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், குதிகாலில் கட்டைவிரல் வைத்தால் மெலிவு தெரியும் கட்டத்திலேயே இரண்டாவது அடி தைத்துவிட வேண்டும். புதுசாக இருக்கும்போதே தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்கள் செய்வது சரி. பழைய வாலென்கியின் குழாயை வெட்டி விரித்தால் 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் அடிக்கு ஃபெல்ட் கிடைக்கும்; மெலிதாக இருந்தால் இரண்டு அடுக்கு. பாதத்தைவிடச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, நுனி, குதிகால், இரண்டு பக்கம் என நாலு இடத்தில் தற்காலிகமாகத் தைத்து நிறுத்துங்கள்.

நூல் மூன்று நாலு இழை முறுக்கிய லினன். தேன்மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்து மெழுகேற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் வலுவானதுதான், ஆனால் வழவழப்பாக, மெல்லியதாக இருப்பதால் ஃபெல்டை அறுத்துக்கொண்டு போகும். லினன் ஈரம் பட்டால் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கத்தியால் பள்ளம் கீறுங்கள். தையல் அதற்குள் புதைந்தால் தரையில் தேயாது. கீறாமல் விட்டால் சில வாரத்தில் நூல் அறுந்து அடி வாய் பிளக்கும். கொக்கி வைத்த குத்தூசியை அடியிலிருந்து பூட்ஸுக்குள் குத்த வேண்டும். இடது கை உள்ளே நூலோடு காத்திருக்கும். கொக்கியில் நூலை மாட்டி வெளியே கண்ணியாக இழுத்து, வெளிநூலின் முனையை அந்தக் கண்ணிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்து இறுக்க வேண்டும். முடிச்சு ஃபெல்டின் நடுவில் போய் உட்காரும். அடுத்த குத்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி. சுற்று முடிந்தபின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வரிசை போடாவிட்டால் அடி நடுவில் தொங்கி, இடையில் பனி புகும். கடைசியில் துருத்தும் விளிம்பைச் சீவிவிடுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பதானால் பள்ளம் கீறுவதையும் லினன் நூலையும் சொல்லிக் கேளுங்கள்.

கோடையில் எதிரி மாறிவிடும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்றே வளரும். பறக்கிற அந்து எதையும் தின்னாது, முட்டை வைக்கத்தான் வருகிறது. இருட்டும் அசைவின்மையும் வியர்வை வாடையும் அதற்குப் பிடிக்கும், ஆகவே நுனியின் உட்புறத்திலிருந்துதான் தொடங்கும். கைவிட்டுத் தடவிப் பாருங்கள்: மணல் போன்ற துகள், வெள்ளை நூல்கூடு, சிறு குழிகள் தென்பட்டால் வந்துவிட்டது. அந்துருண்டை, மூடிய பையில் ஆவி தேங்கினால்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் நாலு உருண்டை போட்டால் வாடைதான் மிச்சம். மாணவர்கள் படுக்கிற அறையில் அதை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். வேப்பிலை, வசம்பு, லாவெண்டர் எல்லாம் அந்தை ஓரளவு விலக்கலாம், உள்ளே ஏற்கெனவே இருக்கிற புழுவைக் கொல்லாது.

ஆகவே வசந்தத்தில் பூட்ஸை நன்றாக உள்ளும் புறமும் பிரஷ் செய்து, வெயிலிலும் காற்றிலும் அரை நாள் வைத்து, முழுக்கக் காய்ந்தபின் பேப்பர் அடைத்து, காற்றுப் புகாத ஜிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். மடிக்கவோ மேலே பாரம் ஏற்றவோ கூடாது. ஈரம் மிச்சமிருக்கும்போது பையை மூடினால் பூஞ்சை பிடிக்கும். முடிந்தால் ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வரட்டும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்ப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்து, மாதம் ஒருமுறை திறந்து உதறிப் பாருங்கள்.

புழு வந்துவிட்டது தெரிந்தால் உறைய வைப்பதுதான் நம்பகமான வழி. பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி இறுகக் கட்டி, மைனஸ் 18-இல் இருக்கும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு நாள் ஆனாலும் சரி, கட்டியபடியே இருக்கட்டும். அதற்குள் திறந்தால் குளிர்ந்த ஃபெல்டின் மேல் காற்றின் ஈரமெல்லாம் பனித்துளியாக வந்து படிந்துவிடும். திறந்தபின் வெளியில் கொண்டுபோய், மடிப்பை விரித்து, செத்த புழுவும் கூடும் உதிரும்வரை பிரஷால் அடித்தெடுங்கள்.